பழுது உணரியிலா, கம்பியிலா?

மலையைக் குடைந்து சாலையமைக்கும் இடத்தும், ஏரியைத் தூர்வாரும் இடத்தும், கல்லுடைக்கும் குழியிலும் இற்றைநாள் அகழ்பொறியும் மண்வாரியுமே உழைக்கின்றன. அவ்வகைப் பொறியொன்று திடுமென நின்றுவிட்டால் அன்றைய வேலை போம். ஓட்டுநரின் கூலி போம். கடன்பட்டுப் பொறி வாங்கிய சிறு உடைமையாளர்க்குத் தவணை மட்டும் நில்லாது வந்து வாயிலில் நிற்கும்! இந்நிலையில், பழுது எங்கென்று அறியாமலே உணரியை மாற்று, அதுவும் தீராவிடின் அடுத்த உணரியை மாற்று, இறுதியில் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்று என்று அவர் பையைக் கரைக்கும் வழக்கம் பரவி வருகின்றது. இஃது அறியாமையால் விளைந்த கேடு. அறிவால் நீக்கத்தக்க கேடு.

பழைய பொறிவல்லார் புகையின் நிறம் கண்டும் ஒலியின் வேறுபாடு கேட்டும் நோயறிந்தனர். அக்கலை இன்றும் வேண்டுவதே. ஆனால், 2021 ஏப்பிரலில் உருளி பூண்ட கட்டுமானப் பொறிகட்கு நான்காம் நிலைப் புகைக் கட்டுப்பாடு இந்தியாவில் நடைமுறைக்கு வந்தபின், தீசலை அளந்து பீய்ச்சும் மின்னணு முறை பெருகிவிட்டது. உணரிகள் சொல்வதைக் கேட்டுப் பெட்டி ஆணையிடுகின்றது. ஐயம் தோன்றினால் பொறியின் ஆற்றலைக் குறைத்து ஓர் எண்ணைக் காட்டுகின்றது. அவ்வெண்ணைப் படிக்கத் தெரியாமையே பாதித் துன்பத்திற்கு முதல்.

எசு.ஏ.ஈ. எனும் அமெரிக்கப் பொறியியலார் குமுகம் வகுத்த சே-1939 ஒழுங்கின்படி, பழுதெண் இரு கூறுடையது. முற்கூறு பொருளைச் சுட்டும்: 100 என்பது உராய்வெண்ணெய் அழுத்தம், 110 என்பது குளிர்நீர் வெப்பநிலை. பிற்கூறு பழுதின் தன்மையைச் சுட்டும்: 3 எனின் மின்னழுத்தம் அளவுக்கு மேல், 4 எனின் அளவுக்குக் கீழ், 1 எனின் உணரி சொல்வது மெய்யே, எண்ணெய் அழுத்தந்தான் கொடிதாகக் குறைந்துள்ளது. நூற்றோடு ஒன்று வந்தால் பொறியை உடனே நிறுத்தி, ஊசியளவியை நேரே பூட்டி அழுத்தத்தை அளத்தல் வேண்டும். நூற்றோடு நான்கு வந்தால் மின்சுற்றைப் பார்த்தல் வேண்டும். முன்னதைப் பின்னதாகக் கருதி ஓட்டியவன் பொறியையே இழப்பான். பின்னதை முன்னதாகக் கருதியவன் நல்ல பொறியை வீணே பிரித்துப் போடுவான்.

எண் சுற்றைத்தான் சுட்டுகின்றது, உணரியை அன்று. உணரி, இணைப்பி, கம்பி, பெட்டி ஆகிய நான்கும் சேர்ந்ததே சுற்று. இதனைப் பிரித்தறியும் வழி மிக எளிது. குளிர்நீர் வெப்ப உணரியை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டே கம்பிகள். பெட்டி தன்னகத்துள்ள ஒரு தடை வழியே 5 வோல்ட்டு விடுகின்றது. நீர் சூடேறச் சூடேற உணரியின் மின்தடை குறைந்து அழுத்தமும் இறங்குகின்றது. 110-உம் 4-உம் காட்டினால், உணரியின் இணைப்பியைக் கழற்றிப் பாருங்கள். நான்கு மாறி மூன்றானால், கம்பியும் பெட்டியும் நலம், உணரியே குற்றவாளி. நான்கு மாறாது நின்றால், உணரியை வாங்கக் கடைக்கு ஓடவேண்டா. கம்பி எங்கோ உடற்சட்டத்தில் உராய்ந்து தரையைத் தொட்டிருக்கும், அன்றேல் பெட்டி பழுதாகியிருக்கும். இனி, 3 காட்டினால் கழற்றிய இணைப்பியின் இருமுனைகளைச் சிறு கம்பியால் இணைத்துப் பாருங்கள். எண் நான்காக மாறின் கம்பி நலம். மாறாவிடின் கம்பி அறுந்திருக்கும், அன்றேல் பெட்டி பழுதாகியிருக்கும். அழுத்த உணரி போன்ற மூன்று கம்பி உணரிகளில் இவ்வாறு கண்டபடி இணைத்தல் கூடாது. அங்கே 5 வோல்ட்டு ஊட்டும் கம்பியைத் தரையொடு சேர்ப்பது புதிய பழுதை நாமே உண்டாக்குவதாகும்.

ஒரே நொடியில் நான்கைந்து பழுதெண்கள் வந்து குவிவதுமுண்டு. நான்கைந்து உணரிகள் பேசிவைத்துக்கொண்டு ஒரே பகலில் சாகுமா? சாகா. பல உணரிகட்குப் பொதுவான 5 வோல்ட்டுக் கம்பியை, உள்ளே குறுக்குச்சுற்றான ஓர் உணரி கீழே இழுத்துவிடுகின்றது. அளவியை அக் கம்பியில் வைத்துக்கொண்டு உணரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுக. எதைக் கழற்றியதும் 5 வோல்ட்டு மீள்கின்றதோ, அதுவே பகை. எதற்கும் மீளாவிடின் கம்பிக்கட்டை ஆராய்க. பெட்டிகள் தம்முட் பேசும் இணைக்கம்பிகளுக்கிடையே, மின்கலத் தொடர்பை நீக்கியபின், ஏறத்தாழ 60 ஓம் இருத்தல் வேண்டும். 120 இருந்தால் ஒருமுனைத் தடை தொடர்பிழந்துவிட்டது என்பது பொருள்.

கம்பி கெடுவதற்கும் பெரும்பாலும் நாமே கரணியம். சேறு கழுவுகிறோமென்று மிகையழுத்த நீரை இணைப்பியின்மேற் பாய்ச்சுகின்றோம். பெட்டியின் தொடர்பை நீக்காமலே வாளியிற் பற்றவைப்பு வேலை செய்கின்றோம். கம்பியின் உறையை ஊசியாற் குத்தி அளந்துவிட்டு, அத்துளை வழியே ஈரம் புக விடுகின்றோம்.

இத்துணை எளிய அறிவு நம் பணிமனைகளில் ஏன் பரவவில்லை? 'சென்சார் போச்சு' என்ற ஒரே தொடர் அங்கே எல்லாப் பழுதுக்கும் பெயராய் வழங்குகின்றது. உணரி வேறு, உணரிச்சுற்று வேறு என்று சொல்லால் பிரித்தவனே கையாலும் பிரித்துப் பார்ப்பான். பணிக்கையேடும் கம்பிப்படமும் ஆங்கிலத்தில். பழுதறி மென்பொருளோ பூட்டிய அறைக்குள்! அமெரிக்கக் கொலராடோ மாநிலம் உழவுப்பொறிகளைப் பழுதுபார்க்கும் உரிமையை 2023-இல் சட்டமாக்கி, 2024 சனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. இந்திய நடுவணரசு 2022 சூலையில் இதற்கெனக் குழு அமைத்தபோது உழவுக் கருவி, கைப்பேசி, வீட்டுப் பொருள், தானியங்கி ஆகிய நான்கு துறைகளையே பெயர் சுட்டியது. கட்டுமானப் பொறியைத் தனித்துறையாகச் சுட்டவில்லை. அதனையும் சேர்த்தல் வேண்டும். விற்கும் ஒவ்வொரு பொறியுடனும் கம்பிப்படமும் பழுதெண் பட்டியலும் தமிழில் தரப்பெறல் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் பன்மானி பிடித்துச் சுற்றளக்கும் பாடம் தமிழிலேயே நடத்தப்பெறல் வேண்டும். அதுவரை, பணிமனைத் தோழர்கள் மேற்கூறிய எண்களை ஒரு பலகையில் எழுதிச் சுவரில் மாட்டி வைப்பாராக.