நூறடிச் சிலையும் நாலு சென்டிமீட்டர் கதவும்!

'பாகுபலி'யில் பல்வாள்தேவனின் பிரமாண்ட சிலை எழும்பும் காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சிலை முழுக்க முழுக்க கம்ப்யூட்டர் வித்தை என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால், படக்குழு 100 அடி உயரத்தில் நிஜமாகவே ஒரு சிலையைச் செய்தது. எடை 8,000 கிலோ. தூக்கி நிறுத்த நான்கு கிரேன்கள் தேவைப்பட்டன. அந்தச் சிலைக்கும் மகிழ்மதி அரண்மனைக்கும் பின்னால் இருந்த தயாரிப்பு வடிவமைப்பாளர் சாபு சிரில், கோவை மாவட்டத்து வால்பாறையில் பிறந்தவர்.

1962-ல் பிறந்த சாபு சிரில் படித்தது சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில். படிப்பை முடித்ததும் சினிமா சிவப்புக் கம்பளம் விரித்துவிடவில்லை. 1980களில் பல வருடங்கள் ஃப்ரீலான்ஸ் கிராஃபிக் டிசைனராக வேலை பார்த்தார். அதன் பிறகுதான் சினிமா. 'தேன்மாவின் கொம்பத்து', 'காலாபானி', 'ஓம் சாந்தி ஓம்', 'எந்திரன்' என்று நான்கு முறை தேசிய விருது. 'ஆர்.ஆர்.ஆர்' வரை பட்டியல் நீள்கிறது. 'எந்திரன்' படத்தில் ஷா என்ற சிறு வேடத்தில் தலைகாட்டியதும் இவர்தான்.

இந்தக் கதையை கோவைப் பக்கம் ஒரு வீட்டில் சொல்லிப் பாருங்கள். "அவரு பெரிய ஆளுங்க... நம்ம பையன் அட்டையை வெட்டி ஒட்டிட்டு உக்காந்திருந்தா சோறு போடுமா?" என்றுதான் பதில் வரும். தடுக்கி விழுந்தால் இன்ஜினீயரிங் காலேஜ் வாசலில் விழும் ஊர் இது. அந்தக் கேள்வியில் கோபத்தைவிட பயம்தான் அதிகம். அந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது.

இதே கேள்வியைக் கேட்க எல்லா நியாயமும் இருந்த ஒரு தாய், அறுபது வருடங்களுக்கு முன்பே மகனை அனுப்பி வைத்தார். சூலூர் பக்கம் காசிக்கவுண்டன்புதூர். மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே கணவர் இறந்துவிட்டார். மானாவாரி நிலத்தை நம்பிப் பிள்ளையை வளர்த்த குடும்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அந்தப் பையன் பழனிசாமி, படம் வரையக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று 1950களின் கடைசியில் சென்னைக்குக் கிளம்பினார். பிறகு 1965-ல் 'காக்கும் கரங்கள்' படத்தில் நடிகராக அறிமுகமானபோது அவருக்குப் பெயர் சிவகுமார்.

நடிகர் சிவகுமாரை எல்லோருக்கும் தெரியும். ஓவிய மாணவர் சிவகுமாரைத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் படித்தது எழும்பூர் பக்கத்து அதே கல்லூரியில்தான். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆரம்பித்த பள்ளி அது. முதல் இந்திய முதல்வர் டி.பி.ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்னால் செல்ஃபி எடுக்கும் பலருக்கும், அதைச் செய்தவர் இவர்தான் என்று தெரியாது. சிவகுமார் படித்த நாட்களில் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். பின்னாளில், 1966-ல், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்.

வகுப்பறைப் பாடம் ஒரு பக்கம் என்றால், சிவகுமார் அதிகம் கற்றது ஊர் ஊராகப் போய்த்தான். மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை, திருவண்ணாமலை என்று கோயில் வாசலில் உட்கார்ந்து, நேரில் பார்த்தே வாட்டர்கலரில் வரைந்தார். வெயில் நகர்ந்தால் நிழல் நகரும். நிழல் நகர்ந்தால் கோபுரத்தின் முகமே மாறிவிடும். போட்டோவைப் பார்த்து வரைபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால் கிடைக்கும் கண்ணும் இல்லை.

இருவருக்கும் இடையில் இருபது வருட இடைவெளி. ஒருவர் காகிதத்தில் கட்டடத்தை வரைந்தார். இன்னொருவர் கட்டடத்தையே எழுப்பினார். இரண்டுக்கும் அடிப்படைப் பாடம் ஒன்றுதான்: அளவு பார்ப்பது.

கவின் கலையில் பி.எஃப்.ஏ. படிப்பு நான்கு வருடம். பிளஸ் டூ முடித்தவர்கள், செய்முறைத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் அடிப்படைப் பயிற்சிதான்: கோடு, நிழல், பானை, துணி மடிப்பு, மனித உடல், தூரத்துப் பொருள் சின்னதாகத் தெரியும் பெர்ஸ்பெக்டிவ், களிமண்ணில் உருவம் பிடிப்பது. அதன்பிறகு ஓவியம், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன், செராமிக், டெக்ஸ்டைல், பிரின்ட் மேக்கிங் என்று பிரிந்து போவார்கள். 'படம் வரையுறதுக்கு நாலு வருஷமா?' என்று கேட்பவர்கள், ஒரே ஒரு நாற்காலியை நான்கு கோணத்தில் வரைந்து பார்க்கலாம்.

இந்தப் படிப்போடு ஒட்டிப் பிறந்த பொழுதுபோக்கு மாடல் செய்வது. அட்டை, பசை, பிளேடு, ஸ்கேல் இருந்தால் போதும். பள்ளிக்கூடத்தில் தெர்மாகோல் எரிமலையில் ஆரம்பித்து, நவராத்திரி கொலுவில் பார்க், ரயில்வே ஸ்டேஷன், முளைப்பாரி வயல் என்று வளர்ந்து, பெரும்பாலும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். மாடல் அட்டாலிக்குப் போகும். அடுத்த போகியில் அதுவும் போய்விடும்.

நிறுத்தாமல் தொடர்பவர்களுக்கு கொங்கு நாட்டில் ஓர் அருமையான பாடம் காத்திருக்கிறது. தொட்டிக்கட்டு வீடு!

நடுவில் வானம் பார்த்த தொட்டி, நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரியும் ஓட்டுக் கூரை, முன்னால் திண்ணை, உள்ளே ஆசாரம், பின்னால் பொடக்காலி. பொள்ளாச்சி, காங்கேயம், தாராபுரம் பக்கம் இன்னும் இருக்கின்றன. ஆனால் பங்கு பிரித்ததும் முதலில் இடிபடுவது அதுதான். அந்த இடத்தில் கான்கிரீட் வீடு வந்தபின், பழைய வீட்டின் அடையாளமாக மிஞ்சுவது ஏதோ ஒரு கல்யாண போட்டோவில் பின்னணியாக விழுந்த ஒரு தூண். திண்ணையின் உயரம் என்ன, தொட்டி எத்தனை அடி, அடுக்களைக்குள் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று எந்த போட்டோவும் சொல்லாது. மாடல் சொல்லும்.

அம்மாயி வீடு அப்படி ஒன்று என்றால், ஒரு டேப்பும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனால் போதும். முதலில் வீட்டை மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு கோட்டுப் படம். ஒவ்வொரு சுவருக்கும் நீளம், உயரம், கனம். மண் சுவர் ஒன்றரை அடி கனம்கூட இருக்கும். அதை ஒற்றை அட்டையில் வெட்டினால் மாடல் ஷூட்டிங் செட் போலத்தான் தெரியும்.

அடுத்து ஸ்கேல். 1:50 என்பது வீட்டு மாடலுக்கு வசதியான அளவு. நிஜத்தில் 50 சென்டிமீட்டர், மாடலில் 1 சென்டிமீட்டர். 10 அடிச் சுவர் 6.1 சென்டிமீட்டர் ஆகும். புது வீடுகளின் 7 அடிக் கதவு நாலு சென்டிமீட்டரைத் தாண்டும். பழைய வீட்டின் 6 அடிக் கதவு 3.7 சென்டிமீட்டர்தான். ஐந்தரை அடி ஆள் 3.4 சென்டிமீட்டர்; தீக்குச்சியைவிடக் குட்டை. முதலில் அந்த ஆளை வெட்டி நிறுத்திவிட வேண்டும். வாசல், திண்ணை, சன்னல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்பதை அந்த அட்டை மனிதன் பக்கத்தில் நின்றே காட்டிக் கொடுத்துவிடுவான்.

புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் மேற்பரப்பில்தான். வாசலில் மண் வேண்டும் என்று ஆற்று மணலை ஒட்டுவார்கள். ஒரு மில்லிமீட்டர் மணல், 1:50-ல் 5 சென்டிமீட்டர் ஜல்லி! வாசல் முழுக்க ரோடு வேலை நடப்பதுபோல் ஆகிவிடும். சலித்த செம்மண்ணோ, வண்ணம் கலந்த மரத்தூளோ சரியாக வரும். ஓட்டுக் கூரைக்கு அட்டைப்பெட்டியின் மேல்தாளை உரித்து, உள்ளே இருக்கும் நெளியைப் பயன்படுத்துவது பழைய தந்திரம். ஆனால் மளிகைப் பெட்டியின் நெளி ஒன்றுக்கொன்று சுமார் 8 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். கணக்குப் போட்டால் ஓர் ஓடு 40 சென்டிமீட்டர் அகலம். நாட்டு ஓடு அவ்வளவு பெரிதா என்ன? சின்னப் பொருட்கள் வரும் பெட்டிகளின் மெல்லிய நெளி அட்டை அதைவிடப் பொருத்தம்.

பசையிலும் கவனம் வேண்டும். தெர்மாகோலில் ரப்பர் வகைப் பசையைத் தடவினால் அது தெர்மாகோலையே கரைத்துத் தின்றுவிடும். வெள்ளைப் பசை மெதுவாகக் காயும், ஆனால் பாதுகாப்பு. சூடான கம்பியால் தெர்மாகோல் வெட்டுபவர்கள் ஜன்னலைத் திறந்து வைப்பது அவசியம். அந்தப் புகை நல்லதல்ல. சின்னப் பிள்ளைகள் கையில் பிளேடு கொடுத்துவிட்டு சீரியல் பார்க்கப் போவதும் நல்லதல்ல.

சினிமா செட் போடுவதிலும் முதல் வேலை இதேதான். ஸ்கெட்ச், பிறகு சின்ன மாடல். கேமரா எங்கே நிற்கும், எந்தச் சுவர் கழற்றும்படி இருக்க வேண்டும் என்று அதை வைத்துத்தான் பேசுவார்கள். கோவைக்கு இதுவும் புதிதில்லை. எம்.ஜி.ஆர். நாயகனாக நடித்த முதல் படமான 'ராஜகுமாரி' (1947) எடுக்கப்பட்டது இங்கிருந்த சென்ட்ரல் ஸ்டுடியோவில். 'மலைக்கள்ளன்' (1954) பட்சிராஜா ஸ்டுடியோவின் தயாரிப்பு. அரண்மனைகளை மரச்சட்டத்திலும் துணியிலும் எழுப்பிய கைகள் ஒருகாலத்தில் இந்த ஊரிலேயே இருந்தன.

இன்னொரு கூட்டம் இப்போதும் இருக்கிறது. அவர்களை யாரும் கலைஞர்கள் என்று சொல்வதில்லை. கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் பவுண்டரிகளுக்கு பேட்டர்ன் செய்பவர்கள். ஒரு மோட்டார் பம்ப்பின் உடல் இரும்பில் வார்க்கப்படும் முன், அதே வடிவத்தில் மரத்திலோ அலுமினியத்திலோ ஒரு மாடல் செய்தாக வேண்டும். அதை மணலில் பதித்து எடுத்த பள்ளத்தில்தான் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். சூடான இரும்பு குளிரும்போது சுருங்கும். மீட்டருக்கு சுமார் 10 மில்லிமீட்டர். அதனால் மாடலை அந்த அளவு பெரிதாகவே செய்ய வேண்டும். இதற்கென்றே அவர்களிடம் தனி ஸ்கேல் உண்டு. கொஞ்சம் நீட்டி அளவு குறித்த ஸ்கேல்! மணலை உடைக்காமல் மாடலை உருவி எடுக்க, பக்கங்களில் லேசான சரிவும் வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு தவறினால் வார்ப்பே வீண்.

கவின் கலை படிக்கும் கோவைப் பிள்ளைகள் லீவில் ஊருக்கு வரும்போது இந்தப் பட்டறைகளில் ஒன்றில் நாலு நாள் நின்று பார்த்தால், எந்த சிலபஸிலும் கிடைக்காத பாடம் கிடைக்கும். சி.என்.சி. மெஷினும் 3டி பிரின்டரும் இங்கேயும் நுழைந்துவிட்டன. மரத்தில் கை வைத்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். மெஷினுக்கு வரைபடம் கொடுப்பவருக்கும் சுருக்கமும் சரிவும் தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

சரி, சோறு போடுமா? அந்தக் கேள்வி இன்னும் அப்படியேதான் நிற்கிறது. கலைக் கல்லூரியில் படித்த எல்லோரும் சாபு சிரில் ஆவதில்லை. அவரே பல வருடம் டிசைன் வேலை பார்த்துத்தான் நிலைத்தார். கொலு, கடைத்திறப்பு, கல்யாண மேடை, கண்காட்சி அரங்கு, பில்டர்களுக்கான கட்டட மாடல், அனிமேஷன், பள்ளி ஓவிய ஆசிரியர் என்று வேலைகள் உண்டு. சில மாதம் வரும். சில மாதம் வராது. கூடவே இன்னொரு சங்கடம். கோவையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்க வேண்டுமென்றால் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டும். சிவகுமார் ரயில் ஏறிய காலத்திலிருந்து இது பெரிதாக மாறவில்லை. ஹாஸ்டல் செலவு, நான்கு வருடம், வண்ணம், கேன்வாஸ்... கணக்குப் பார்க்கும் அப்பாக்களைக் குறை சொல்ல முடியாது. பெண் பிள்ளை என்றால் 'அவ்வளவு தூரமா?' என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டில் பேச்சு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பேரூர் பட்டீசுவரர் கோயில் கனகசபைத் தூண்கள் போதும், ஒரு வருடம் ஸ்கெட்ச் போட. செய்முறைத் தேர்வுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. செய்த மாடல்களைப் பத்திரப்படுத்த இடமில்லை என்றால் போட்டோவாவது எடுத்து வைக்கலாம். மேலிருந்து எடுத்தால் அது வெறும் அட்டைப் பொம்மை. போனைத் தலைகீழாகப் பிடித்து, கேமரா தரையை ஒட்டி இருக்கும்படி, அந்த அட்டை மனிதனின் கண் உயரத்தில், அதாவது மூன்று சென்டிமீட்டரில் வைத்து, ஜன்னல் வெயிலில் எடுத்தால் தொட்டிக்குள் நிழல் விழுவது வரை நிஜ வீடாகத் தெரியும். அளவெடுத்த நோட்டையும் கூடவே வைத்துக்கொள்வது நல்லது. மாடல் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு அதுதான் சாட்சி.

கூரையை மட்டும் கடைசியில் ஒட்டலாம். அதற்கு முன்னால் அம்மாயியைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பார். வீட்டைப் பார்த்த மாத்திரத்தில் பாராட்டெல்லாம் வராது.

"ஏங் கண்ணு, ஆசாரத்துல தெக்கால ஒரு சன்னல் இருந்துச்சே... அது எங்க?"