புள்ளியிட்ட தெரு

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலுள்ள ஹைடல்பர்க் தெருவிற்குச் சென்றோர் முதற்கண் திகைத்தனர். ஒரு வீட்டின் சுவரெங்கும் வண்ணப் புள்ளிகள். வெற்று மனைகளிலே பழைய காலணிகள், தொலைபேசிகள், முகம் தீட்டிய கார் பானெட்டுகள், பஞ்சுப் பொம்மைகள். பிறர் கழித்தெறிந்தவையெல்லாம் ஆங்கே கொலுவிருந்தன! அத்தெருவிலேயே வளர்ந்த டைரீ கைட்டன் என்னும் கறுப்பினக் கலைஞர், தம் பாட்டனார் சாம் மேக்கியின் துணையுடன் 1986இல் தொடங்கிய பணி அது.

மோட்டார்த் தொழிலால் செழித்த டெட்ராய்டில் 1950இல் 18 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். 2020இல் எஞ்சியோர் 6.4 இலட்சத்திற்கும் குறைவு. ஆலைகள் அகன்றன, வெள்ளையர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர், 1967ஆம் ஆண்டுக் கலவரம் அப்போக்கை விரைவுபடுத்தியது. ஆளற்ற வீடுகள் ஆயிரக்கணக்கில் பாழடைந்து நின்றன. போதைப்பொருள் விற்போர்க்கு அவை புகலிடமாயின.

இது கலையா, குப்பையா என்று திறனாய்வாளர் நெடுநாள் வழக்காடினர். அவ்வழக்கு நமக்குச் சுவையற்றதாகவே தோன்றுகிறது. நாம் கேட்க விழைவது வேறு. பாழ்வீடுகளை ஆண்டுக்கணக்கில் தீண்டாதிருந்த நகர நிருவாகம், புள்ளியிட்ட வீடுகளை இடிக்க மட்டும் 1991இலும் 1999இலும் பொறிகளை அனுப்பியது ஏன்? வறுமை ஒளிந்திருக்கும்வரை ஆட்சியாளர்க்கு இடரில்லை. அது வண்ணம் பூசிக்கொண்டு உலகோர் கண்ணில் படும்போதுதான் உறுத்துகிறது போலும்.

ஆயினும் எதிர்த்தோர் அனைவரும் அதிகாரிகளல்லர். அண்டை வீட்டாருள்ளும் சிலர் முறையிட்டனர். அவர்தம் குறையை எளிதிற் புறந்தள்ளல் ஆகாது. தொலைவிலிருந்து வருவோர் ஒரு மணி நேரம் சுற்றிப் படம் பிடித்துத் திரும்பிவிடுவர். வாயிற்கதவைத் திறக்குந்தோறும் அப்பொம்மைகளின் முகத்தில் விழிப்பவர் அவர்களன்றோ? அவர்தம் இசைவையும் நாடியிருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. எனினும் இசைவின்மைக்கு மருந்து பேச்சேயன்றி இடிப்பன்று, நெருப்புமன்று. 2013, 2014ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து வைக்கப்பட்ட தீயில் அவ்வீடுகள் பல சாம்பலாயின. அவ்விடத்தும் கைட்டன் கிடைத்தவற்றைக் கொண்டு மீண்டும் பணி தொடர்ந்தார்.

2016இல், தம் படைப்பைப் படிப்படியாகத் தாமே பிரிக்கப்போவதாக அவர் அறிவித்தார். நயந்தோர் பலர் வருந்தினர். நமக்கு அவ்வளவு வருத்தமில்லை. எதை வைப்பது, எதை எடுப்பது என்று அத்தெருவில் வளர்ந்தவரே இம்முறை முடிவு செய்தார். 1991இல் அவ்வுரிமை அவருக்கு வழங்கப்படவில்லை.