அச்சமா, அறியாமையா?

கொள்ளைநோய்க் காலத்தில் மலையகப் பெண்கள் வைத்தியசாலையை நாடத் தயங்கியதற்கு அவர்களது அறியாமையே காரணம் என்பது படித்தவர் பலரின் துணிபு. இத்துணிபு எளிதானது, வசதியானது, ஆயின் உண்மையானதன்று.

ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரையில் 1867இல் தேயிலை வேரூன்றியது. அதை வளர்த்த உழைப்பாளர் தொடக்கத்திலிருந்தே நோய்காவிகளாகக் கருதப்பட்டனர். சென்ற நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்தோர் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே இலங்கைக்குள் விடப்பட்டனர். நோய்த்தடுப்பு என்பது அவர்களுக்குத் தடுத்துவைத்தலாகவே அறிமுகமாயிற்று.

2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. தனிமைப்படுத்தல் நிலையங்கள் பலவற்றை இராணுவமே நடத்தியது. இந்நிலையில் தோட்டப் பெண்ணொருத்தியின் கணக்கு யாது? ஒருநாள் வைத்தியசாலைக்குச் சென்றால் அன்றைய பேர் இல்லை. தொற்று உறுதியானாலோ லயம் முழுவதும் முடக்கப்படும், குழந்தைகளைப் பார்ப்பாரில்லை, அயலாரின் பழியும் அவள் தலையிலேயே விழும். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை தொற்றினால் இறந்தோர் அனைவரும் தகனம் செய்யப்படவேண்டும் என்ற விதி நிலவியது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அரசு செவிசாய்க்கவில்லை. தெல்தோட்டை முஸ்லிம் பெண்ணுக்கு இவ்விதி மரணத்தினும் கொடியதாகத் தோன்றியிருப்பின் அதில் வியப்பென்ன? இவ்வச்சம் மூடநம்பிக்கையன்று, அநுபவம் கற்பித்த பாடம்.

அச்சம் மக்களை வீட்டில் இருத்தித் தொற்றைத் தடுத்தது என்பர் சிலர். பேற்றுவலி ஊரடங்கு அறியுமா? கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் தளர்வுக்காகக் காத்திருக்குமா? முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கென 1996இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்கின் பயனே நோயை முன்கூட்டி அறிவதில்தான் உள்ளது. 2014இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பரவியபோதும் கர்ப்பிணிகள் பலர் வைத்தியசாலைக்கு அஞ்சி வீட்டிலேயே பிரசவித்தனர். தாயும் சேயும் மடிந்த அவ்விழப்பில் பெரும்பகுதி எபோலாக் கணக்கில் எழுதப்படவில்லை.

2021 மே தொடங்கிய நான்கு மாதங்களில் இலங்கையில் நாற்பதுக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் கொவிட்டினால் இறந்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் சுகாதாரத் துறையினர் பெண்களுக்குக் கூறியது யாது? கர்ப்பம் தரிப்பதைப் பிற்போடுங்கள் என்பதே. மருத்துவக் காரணம் இருந்திருக்கலாம். ஆயினும் சுமை மீண்டும் பெண்ணின் மேலேயே ஏற்றப்பட்டது.

விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரங்களால் இவ்வச்சம் தீராது. கிளினிக் நாளுக்கு முழுச் சம்பளம், தமிழில் பேசும் குடும்பநல உத்தியோகத்தர், மலைப்பாதையில் நோயாளரை இறக்க ஊர்தி, தொற்றாளரைக் குற்றவாளியாக நடத்தாத சட்டம் ஆகியனவே இதற்கு மருந்து. தண்டனையை நீக்காமல் அச்சத்தை மட்டும் நீக்க முயல்வது மருத்துவமன்று, ஏமாற்று.