தோற்ற ஆட்டத்தைப் படிப்போம்

நம் விடுதியில் சதுரங்கப் பலகையை விரித்தால் போதும், எல்லோரும் மிகயில் தால் ஆகிவிடுகிறோம். குதிரையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு எதிரியின் முகத்தைப் பார்ப்பதில் அப்படியோர் இன்பம்! 1960-இல் மாஸ்கோவில் தால் செய்ததும் அதுதான். உலக வீரர் போட்வின்னிக்குடன் ஆடிய ஆறாவது ஆட்டத்தில் அவர் குதிரையைப் பலியிட்டபோது, அரங்கின் ஆரவாரம் தாங்காமல் ஆட்டத்தையே பின்னறைக்கு மாற்றினார்கள். அந்தப் பலி சரியன்று என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் காட்டினர். ஆனால் கடிகாரம் ஓடும்போது போட்வின்னிக்குக்கு விடை கிடைக்கவில்லை. 12½–8½ என்று பட்டம் கைமாறியது. தாலுக்கு வயது 23.

நானும் தாலின் அடிமைதான். ஆயினும் நாம் படிக்க வேண்டியவர் போட்வின்னிக்கே என்பேன். மின் பொறியியல் அறிஞரான அவர், தோற்ற ஆட்டங்களையே பாடநூலாக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மறு ஆண்டே, 49 வயதில், புயலுக்கு இடந்தராமல் காய்களை வெட்டிக் குறைத்து, இறுதியாட்டத்திற்குத் தாலை இழுத்து வந்தார். 13–8! தாலுக்குச் சிறுநீரக நோய் இருந்தது உண்மை. அதை மறைப்பது நியாயமன்று. நோய்தான் வென்றது என்பதும் நியாயமன்று.

நாமோ, தோற்றதும் காய்களைக் கலைத்து "இன்னொரு ஆட்டம்" என்கிறோம். மறுநாளும் அதே பொறியில் விழுகிறோம். நண்பர்களே, தோற்ற ஆட்டங்களை எழுதிவைத்து, வென்றவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஆராய்ந்தால் என்ன? என் தோல்விகள் ஒரு குறிப்பேடு நிறைய இருக்கின்றன. முதலில் அவற்றையே தருகிறேன்.