கேஸ் டர்பைன்: சூத்திரம் சொல்லாத கழித்தல்

கேஸ் டர்பைனின் பயனுறுதிறனைக் கணக்கிடச் சொன்னால், பொறியியல் மாணவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு சூத்திரத்தைத்தான் எழுதுவார்கள். அழுத்த விகிதத்தை 0.286 என்ற அடுக்குக்கு உயர்த்தி, அதன் தலைகீழியை 1-லிருந்து கழித்தால் விடை வந்துவிடும். மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் அந்த விடைக்கும் உண்மையில் ஓடும் இயந்திரத்துக்கும் எவ்வளவு தூரம்?

இதற்கு நல்ல உதாரணம் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. நியூஷாட்டல் நகரின் அவசரகால மின்நிலையத்துக்காக பிரவுன் பொவேரி நிறுவனம் ஒரு கேஸ் டர்பைனைச் செய்தது. 1939-ல் அதைச் சோதித்துப் பார்த்தவர் பேராசிரியர் அவுரேல் ஸ்டோடோலா. அப்போது அவருக்கு வயது 80. அதன் அழுத்த விகிதம் சுமார் 4.4. சூத்திரத்தின்படி பயனுறுதிறன் 34 சதவீதத்துக்கு மேல் வர வேண்டும். அளந்தபோது கிடைத்தது 17.38 சதவீதம். ஏறக்குறைய பாதி!

மீதி எங்கே போனது? டர்பைன் உண்டாக்கிய திறன் 15,400 கிலோவாட். அதில் 11,400 கிலோவாட்டை, காற்றை அழுத்தும் கம்ப்ரசரே எடுத்துக்கொண்டது. மிஞ்சிய 4,000 கிலோவாட்தான் மின்சாரமானது. எரிபொருள் கொடுத்த வெப்பமோ சுமார் 23,000 கிலோவாட். 4,000-ஐ 23,000-ஆல் வகுத்தால் அந்த 17 சதவீதம் வந்துவிடுகிறது.

இங்கேதான் முக்கியமான விஷயம். பயனுறுதிறன் என்பது இரண்டு பெரிய எண்களைக் கழித்து வரும் சிறிய எண். அந்த கம்ப்ரசர் 10 சதவீதம் கூடுதலாக, அதாவது 12,540 கிலோவாட் எடுத்தால் மிச்சம் 2,860 மட்டுமே. பயனுறுதிறன் ஏறக்குறைய 12 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நீராவி நிலையத்தில் இந்தக் கவலை இல்லை. அங்கே பம்ப் அழுத்துவது தண்ணீரை. அதற்கு மிகக் குறைந்த வேலையே போதும். காற்றை அழுத்துவது அப்படியல்ல. 1903-ல் நார்வேயின் எகிடியஸ் எல்லிங் செய்த டர்பைனில் எல்லாம் போக மிஞ்சியது வெறும் 11 குதிரைத்திறன். ஆனாலும் அது சாதனைதான், ஏனென்றால் ஏதோ ஒன்று மிஞ்சியது!

சூத்திரத்தில் வெப்பநிலையும் இல்லை. இழப்பே இல்லாத இயந்திரத்துக்கு அது சரி. உண்மையான டர்பைனுக்குள் நுழையும் வாயு எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு டர்பைன் வேலை கூடும். கம்ப்ரசரின் பங்கு குறையும். 1939-ல் அந்த வெப்பநிலை 550 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தது. இன்றைய பெரிய டர்பைன்களில் அது 1,400 டிகிரியைத் தாண்டுகிறது. எண்பது ஆண்டு முன்னேற்றத்தில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது. மனப்பாடம் செய்த சூத்திரத்திலோ இதற்கு இடமே இல்லை.

வகுக்கும் எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. மீத்தேனின் கீழ் வெப்ப மதிப்பு கிலோவுக்கு சுமார் 50 மெகாஜூல்; மேல் வெப்ப மதிப்பு சுமார் 55.5. பிரான்சின் பூஷேன் நிலையம் 2016-ல் கேஸ் டர்பைனையும் நீராவி டர்பைனையும் சேர்த்து எட்டிய 62.22 சதவீதம், கீழ் மதிப்பை வைத்துச் சொன்னது. மேல் மதிப்பால் வகுத்தால் அதே நிலையம் 56 சதவீதம்தான். பொய் எதுவும் இல்லை, கணக்கு முறைதான் வேறு. இது தெரியாமல் இரண்டு நிலையங்களை ஒப்பிடுவது வீண்.

எனவே தேர்வுக் கேள்வியின் முறை மாற வேண்டும். டர்பைன் தந்தது எவ்வளவு, கம்ப்ரசர் தின்றது எவ்வளவு, வெப்பத்தை எந்த மதிப்பில் அளந்தார்கள் என்று முதலில் கேட்கட்டும். சூத்திரம் கடைசியில் வரட்டும். வெறும் சதவீதத்தை மட்டும் எழுதும் மாணவர் நாளை வேலைக்குப் போனால், தேய்ந்துபோன கம்ப்ரசர் பிளேடு எவ்வளவு மின்சாரத்தை விழுங்குகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்?