ஆண்மீனைப் பெண்ணாக்கும் ஆற்றுநீர்

நஞ்சு என்றால் உடனே கொல்வது என்பதே பலரின் எண்ணம். ஆலைக் கழிவு கலந்து ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தால் ஊர் திரண்டு கேட்கும், இதழ்கள் எழுதும், அரசும் அசையும். ஆனால், ஒரு மீனையும் கொல்லாமல், அதன் குஞ்சு பிறவாதபடி மட்டும் செய்யும் நஞ்சும் உண்டு. அதற்கு நிறமில்லை, நாற்றமில்லை, கரையொதுங்கும் பிணமும் இல்லை. ஆகவே, கேட்பாரும் இல்லை. மாந்தன் ஆய்வகத்தில் ஆக்கி, மருந்தாக உண்டு, கழிவாக ஆற்றில் விடும் செயற்கைப் பெண்மை இயக்குநீரே அந்நஞ்சு.

ஆர்மோன் என்று உலகம் வழங்கும் இயக்குநீர், சுரப்பிகளில் ஊறிக் குருதியில் கலந்து, வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் நடத்துவது. பெண்மீனின் உடலில் ஊறும் முதன்மையான பெண்மை இயக்குநீரும் மாந்தப் பெண்ணின் உடலில் ஊறுவதும் வேதியியல் அமைப்பில் ஒன்றே. மாந்தர்க்கென ஆக்கிய மருந்து மீனின் உடலிலும் வேலை செய்வதற்கு இதுவே கரணியம். 1938-இல் செருமனியின் செரிங் நிறுவனத்தில் எத்தினைல் ஈசுட்ரடயால் என்னும் செயற்கை இயக்குநீர் ஆக்கப்பட்டது. இயற்கை இயக்குநீரை வாய்வழி உட்கொண்டால் கல்லீரல் அதனை விரைந்து சிதைத்துவிடும்; அவ்வாறு எளிதிற் சிதையாதபடி அமைந்ததே இச்செயற்கைப் பொருள். பின்னாளில் உலகெங்கும் பரவிய கருத்தடை வில்லைகள் பலவற்றுள் இது இடம்பெற்றது.

சிதையாமை மருந்துக்குச் சிறப்பு. அதே சிதையாமை ஆற்றுக்குக் கேடு. உடலிலிருந்து செயலற்ற நிலையில் வெளியேறும் பகுதியையும் சாக்கடை நுண்ணுயிர்கள் பிணைப்பு நீக்கி மீண்டும் செயலுறச் செய்கின்றன. வழக்கமான கழிவுநீர்த் தூய்விப்பு நிலையங்களோ இதனை முற்றும் நீக்குவதில்லை.

இக்கேடு முதலில் இங்கிலாந்தில் வெளிப்பட்டது. கழிவுநீர் சேரும் நீர்நிலைகளில் வாழ்ந்த உரோச்சு மீன்களுள் சில, ஆணும் பெண்ணும் கலந்த உறுப்புகளோடு இருப்பது 1970களின் இறுதியில் தெரியவந்தது. புரூனல் பல்கலைக்கழகத்தின் சான் சம்ப்டர் உள்ளிட்ட அறிஞர்கள், தூய்விப்பு நிலையங்களின் வாயிலில் ஆண்மீன்களைக் கூண்டிலிட்டு வைத்து ஆய்ந்தனர். பெண்மீனின் ஈரல் மட்டுமே மிகுதியாக ஆக்க வேண்டிய மஞ்சட்கருப் புரதம், அவ்வாண்மீன்களின் குருதியில் பெருகிக் கிடந்ததை 1994-இல் வெளியிட்டனர். 1998-இல் சூசன் சோப்ளிங்கும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் திடுக்கிட வைத்தது. சில ஆறுகளில், கழிவுநீர் கலக்கும் இடத்துக்குக் கீழே பிடித்த ஆண் உரோச்சுகள் அனைத்துமே பால் திரிந்திருந்தன. விந்து விளைய வேண்டிய உறுப்பில் முட்டைகள் தோன்றியிருந்தன.

உறுப்புத் திரிந்தால் என்ன, மீனினம் அழிந்தா போயிற்று என்று வினவினோர் இருந்தனர். அவ்வினாவுக்குக் கனடா நாட்டின் ஓர் ஏரி விடையளித்தது. ஒண்டாரியோ மாநிலத்தின் வடமேற்கில், முழு ஏரிகளையே ஆய்வுக்களமாகக் கொண்ட ஆய்வு ஏரிப் பகுதி 1968-இல் அமைக்கப்பட்டது. அங்குள்ள 260ஆம் எண் ஏரியில், 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில், கேரன் கிட் என்னும் அறிவியலாரும் அவர்தம் குழுவினரும் எத்தினைல் ஈசுட்ரடயாலைக் கலந்தனர். இலிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் வரையே கலந்தனர். அஃதாவது, ஏறத்தாழ 20 கோடி இலிட்டர் நீருக்கு ஒரே ஒரு கிராம்! கழிவுநீர் மிகுதியாகக் கலக்கும் நீர்நிலைகளில் காணக்கூடிய அளவே இது.

அந்த ஒரு கிராம் செய்ததென்ன? விரல் நீளமே உள்ள பேத்தெட் மின்னோ என்னும் சிறுமீனின் ஆண்கள் மஞ்சட்கருப் புரதத்தைச் சுரந்தன. விந்துறுப்பு வளர்ச்சி குன்றியது. சில ஆண்டுகளே வாழும் அம்மீனுக்கு, குஞ்சில்லாத இரண்டு பருவங்களே இறுதி நாளாயின. அவ்வேரியில் அவ்வினம் ஏறத்தாழ முற்றும் அழிந்தது. அதனை உண்டு வாழ்ந்த பெருமீனாகிய திரௌட்டும் இரையின்றி மெலிந்து குறைந்தது. மருந்து கலவாத அண்டை ஏரிகளில் இவ்வழிவு இல்லை. 2007-இல் இம்முடிவுகள் வெளிவந்தபின், ஐயத்துக்கு இடமில்லாது போயிற்று.

இதைக் கேட்டதும் பெண்களைப் பழிப்போர் சிலர் கிளம்புவர். அது அறியாமை. கருப்பத்தைத் தள்ளிவைக்கும் உரிமை பெண்ணுக்கு உயிர்க்காப்பும் உரிமைக்காப்பும் ஆகும். மேலும், ஆற்றில் சேரும் பெண்மை இயக்குநீர் முழுதும் வில்லையிலிருந்து வருவதன்று. மாந்தர் அனைவரும் இயல்பாக வெளியேற்றும் இயக்குநீரும், கால்நடைக் கழிவும், தொழிற்சாலைகளின் சில வேதிப்பொருள்களும் அதனோடு சேர்கின்றன. குற்றம் வில்லையை உண்பவளிடத்தில் இல்லை. கழிவைத் தூய்விக்காமல் ஆற்றில் திறந்துவிடும் ஆட்சியிலும், விற்று வரும் ஊதியத்தை மட்டும் தமதாக்கி விளைவைப் பொதுவாக்கும் நிறுவனங்களிலுமே உள்ளது.

நீக்க வழியில்லையா? உண்டு. ஓசோன் வளியாலும் செறிவூட்டிய கரித்தூளாலும் இப்பொருளைப் பெருமளவு அகற்றலாம். சுவிட்சர்லாந்து 2016-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால், தன் பெரிய நிலையங்களை இவ்வாறு மேம்படுத்தத் தொடங்கியது. ஆனால், ஐரோப்பிய ஒன்றியமோ தயங்கியது. இலிட்டருக்கு 0.035 நானோகிராம் என்னும் வரம்பை 2012-இல் முன்மொழிந்துவிட்டு, செலவு மிகும் என்ற கூக்குரலுக்கு அஞ்சி, 2013-இல் கண்காணிப்புப் பட்டியலில் மட்டும் சேர்த்து நிறுத்திக்கொண்டது. 2024-இல் அவ்வொன்றியம் இயற்றிய நெறிமுறை, இக்கூடுதல் தூய்விப்புச் செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, ஒப்பனைப் பொருள் ஆக்குவோரே ஏற்க வேண்டும் என்றது. 2025-இல் மருந்துத் துறையினர் அதனை எதிர்த்து வழக்குமன்றம் ஏறினர். மருந்தை ஆக்க அறிந்தோர்க்கு அதன் எச்சத்தை அகற்றும் பொறுப்பு மட்டும் சுமையாகிப் போனது எவ்வாறு?

அரசுகளின் போக்கும் அவ்வாறே. உண்மையைக் காட்டிய அக்கனடா ஆய்வுப் பகுதிக்குப் பணமளிப்பதை நிறுத்துவதாக அந்நாட்டு நடுவணரசு 2012-இல் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தபின், 2014-இல் அது வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறி உயிர்பிழைத்தது. நோயைக் காட்டும் கண்ணையே குத்திக்கொள்ள முனைவது ஆட்சியறம் ஆகுமா?

ஆயினும், அவ்வேரி சொன்ன செய்தி அழிவோடு முடியவில்லை. மருந்து கலப்பதை நிறுத்திச் சில ஆண்டுகளில், எஞ்சியிருந்த மிகச் சில மீன்களிலிருந்தே அச்சிறுமீனினம் மீண்டும் பெருகிப் பழைய நிலையை எய்தியது. நிறுத்தினால் நீர் மீளும், மீனும் மீளும். ஆனால், ஏரியில் கலந்தவர்கள் ஆய்வு முடிந்ததும் நிறுத்தினார்கள். ஆறுகளில் கலப்பதோ நாள்தோறும் நடக்கிறது. எஞ்சிய சில மீன்களும் இல்லாத நாள் வருமுன் கழிவுநீரைக் கடைசித்துளி வரை தூய்விப்பதும், அச்செலவை ஆக்கி விற்போரிடமிருந்து பெறுவதும் அரசுகளின் கடன். அக்கடனைத் தட்டிக் கேட்பது மக்களின் கடன். மீனுக்கு வாயில்லை, மாந்தனுக்கு உண்டு.