108 அழுத்தினால் பக்கத்து அறையில் மணி அடிக்கிறது

மதுரை ரயில் நிலையத்திலிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற வழியில், டவுன்ஹால் ரோட்டிலும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும் லாட்ஜுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பொதுவாக லாட்ஜுகளில் முதல் மாடி அறைகள் 101-இல் தொடங்கும். கட்டிலருகே இன்டர்காம் போன் இருந்தால் கூடவே ஒரு சின்ன அட்டையும் இருக்கும்: பக்கத்து அறைக்கு அறை எண், ரிசப்ஷனுக்கு 9, வெளி லைனுக்கு 0.

ஆபத்து அந்த அட்டையில்தான் இருக்கிறது. தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எல்லா அவசரத்துக்கும் 112. மூன்றுமே முதல் மாடி அறைகளின் எண்கள். நள்ளிரவில் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட, பதறிப்போன மனைவி 108 அழுத்தினால் நாலு கதவு தள்ளித் தூங்கும் இன்னொரு யாத்ரீகரின் தலைமாட்டில் மணி அடிக்கும். 0 சேர்த்து அழுத்தினாலும், வெளி அழைப்பைப் பூட்டி வைத்திருக்கும் விடுதியில் எங்குமே மணி அடிக்காது. போனில் எந்தப் பழுதும் இல்லை. அமைத்தபடி அது சரியாகவே வேலை செய்கிறது.

இதே சிக்கலில் ஓர் உயிர் போன ஊர் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மார்ஷல் என்ற ஊரின் விடுதி அறையில் 2013 டிசம்பர் 1 அன்று கேரி ஹன்ட் என்ற பெண்ணை, பிரிந்து வாழ்ந்த கணவர் கத்தியால் குத்திக் கொன்றார். அவருடைய 9 வயது மகள் அறையிலிருந்த போனில் அந்நாட்டு அவசர எண்ணான 911-ஐ நான்கு முறை அழுத்தினாள். அழைப்பு போகவே இல்லை. முதலில் 9 அழுத்தி வெளி லைன் எடுக்க வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? பெரியவர்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் அவள் செய்தாள். கேரியின் தந்தை ஹாங்க் ஹன்ட் சோராமல் போராடினார். 2018 பிப்ரவரியில் அந்நாட்டு நாடாளுமன்றம் 'கேரி சட்டம்' கொண்டுவந்தது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு அங்கே நிறுவப்படும் அலுவலக, விடுதித் தொலைபேசி அமைப்புகளில், முன்னால் எந்த எண்ணும் சேர்க்காமல் 911 நேராகப் போக வேண்டும். எந்த அறையிலிருந்து அழைப்பு போனது என்ற தகவலும் உடனே ரிசப்ஷனுக்குத் தெரிய வேண்டும்.

நம் நாட்டில் இந்தக் கருவிகளைக் கட்டுப்படுத்தச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2017 செப்டம்பரில் இந்தியத் தந்தி விதிகளில் செய்த திருத்தம், தொலைத்தொடர்புக் கருவிகளுக்குப் பரிசோதனையையும் சான்றையும் கட்டாயமாக்கியது. 2019 அக்டோபர் 1 முதல் சாதாரண டெலிபோன், மோடம், ஃபேக்ஸ், அலுவலகங்களின் உள் போன்களை இணைக்கும் பிஏபிஎக்ஸ் பெட்டி எல்லாம் தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்தின் சான்றோடுதான் சந்தைக்கு வர வேண்டும். மின்பாதுகாப்பும் மின்காந்த இடையூறும் ஆய்வகத்தில் சோதிக்கப்படுகின்றன. இது அவசியமான காவல். செம்புக் கம்பியில் எப்போதும் 48 வோல்ட் இருக்கிறது. மணி அடிக்கும்போது 75 வோல்ட் அளவுக்கு மின்சாரம் வருகிறது. கோடை இடிமழையிலும் ஐப்பசி மழையிலும் மின்னல் கட்டடத்துக்குள் நுழைவதற்கு அந்தக் கம்பியும் ஒரு வழி.

ஆனால் ஆய்வகம் பார்ப்பது பெட்டியை மட்டும். எந்த எண்ணை அழுத்தினால் எங்கே மணி அடிக்க வேண்டும், எர்த் கம்பியை எங்கே கட்டுவது, கரன்ட் போனால் என்ன ஆகும் என்பதையெல்லாம் மாட்ட வரும் டெக்னீஷியனும் மேனேஜரும் பேசி முடித்துவிடுகிறார்கள். சான்றிதழின் கை அங்கே நீளவில்லை.

கரன்ட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. ஊரே இருண்டாலும் போன் பேசியது. இன்டர்காம் பெட்டிக்கும் ஃபைபர் மோடத்துக்கும் கட்டடத்தின் மின்சாரம் வேண்டும். தீப்பிடித்தவுடன் முதலில் மெயினை அணைப்பார்கள். பேட்டரி இல்லாவிட்டால் அத்தனை அறை போன்களும் அந்த நொடியே ஊமையாகிவிடும்.

செல்போன் இருக்கிறதே என்று லாட்ஜ் உரிமையாளர்கள் கேட்கலாம். இந்தக் கேள்வியை ஏற்க முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர், சார்ஜ் தீர்ந்தவர், பூட்டுக் குறியீடு தெரியாத பேத்தி இவர்களின் கைக்கு எட்டுவது அறை போன்தான். செல்போன் அழைப்பால் இடத்தைச் சுமாராகக் காட்ட முடியும். எந்த மாடி, எந்த அறை என்பதைக் காட்டுவது கடினம்.

2024 செப்டம்பர் 12 அதிகாலை, பெரியார் பேருந்து நிலையம் அருகே கட்ராபாளையத்தில் ஒரு மகளிர் விடுதியில் தீப்பிடித்துப் பெண்கள் இறந்தார்கள். சரியாக மூன்று மாதத்தில், டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைத் தீயில் ஒரு சிறுமி உட்பட ஆறு பேர் உயிரிழந்தார்கள். இந்தச் சாவுகளுக்கும் தொலைபேசிக்கும் முடிச்சுப் போடுவது நியாயமாகாது. ஆனால் பலர் தங்கும் கட்டடத்தில் தீ விபத்து ஏற்பட்டால் நிமிடக் கணக்கில்தான் நேரம் கிடைக்கும் என்பதை இரண்டு ஊர்களும் கண்ணால் பார்த்துவிட்டன.

மத்திய அரசு கேரி சட்டம் போன்ற ஒரு தெளிவான விதியைச் சான்றிதழோடு சேர்க்க வேண்டும். அதுவரை மதுரை காத்திருக்கத் தேவையில்லை. மகளிர் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், தனியார் மருத்துவமனைகளுக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் தமிழ்நாட்டில் உரிமமோ பதிவோ வேண்டும். அந்தப் படிவங்களில் ஒரு வரி சேர்த்தால் போதும். தீயணைப்பு உருளையின் தேதியைப் பார்க்கும் அதிகாரி, கட்டுப்பாட்டு அறைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஏதாவது ஓர் அறையின் போனை எடுத்து 112-ம் 108-ம் அழுத்திப் பார்க்கட்டும். மெயினை அணைத்துவிட்டு இன்னொரு முறை பார்க்கட்டும்.

லாட்ஜ்காரர்களுக்கு இதில் பெரிய செலவும் இல்லை. எல்லா அறை எண்களுக்கும் முன்னால் ஒரு 2 சேர்த்து 2101, 2108 என்று மாற்றி, அவசர எண்களைப் பூட்டிலிருந்து விடுவிப்பது டெக்னீஷியனின் வழக்கமான வேலை. பெட்டிக்கு ஒரு பேட்டரியும் கட்டிலருகே ஒரு புது அட்டையும் வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கானோர் வந்து இறங்குவதற்குள் ஊர் முழுக்க இதை முடித்துவிடலாம்.